தோற்கப் பிடிக்காதவர் சொன்ன கணக்கு

நம்மூரில் எஸ்.ஐ.பி. போடுபவர்களில் பலர் ஜான் போகில் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால், மாதம் ஐயாயிரம் ரூபாயை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு ஒருவர் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கிறார் என்றால், அந்தப் பாதையைச் சாமானியருக்குத் திறந்துவிட்டவர் அவர்தான். அமெரிக்காவின் ‘வேன்கார்ட்’ நிறுவனர். 2019 ஜனவரி 16 அன்று, 89 வயதில் காலமானார். மனைவி ஈவ், ஆறு பிள்ளைகள், பன்னிரண்டு பேரப்பிள்ளைகள் என்று பெரிய குடும்பம்.

டென்னிஸ், ஸ்குவாஷ் இரண்டின் மீதும் அவருக்குத் தீராத பித்து. எதிலும் லேசில் விட்டுக்கொடுக்காதவர். அப்படிப்பட்டவர் முதலீட்டாளர்களுக்குச் சொன்ன யோசனையோ, ‘சந்தையை ஜெயிக்கப் பார்க்காதீர்கள்’ என்பது! பார்த்தால் முரணாகத் தெரியும். அவர் வாழ்க்கையைப் படித்தால், அது அனுபவஸ்தன் போட்ட கணக்கு என்று புரியும்.

பின் அடுக்கிய பையன்

போகில் பிறந்தது 1929 மே மாதம். அதே ஆண்டு அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. குடும்பச் சொத்தும் அதோடு போனது. அப்பா குடிக்கு அடிமையானார், பெற்றோர் பிரிந்தார்கள். அண்ணன், ஜாக் என்று அழைக்கப்பட்ட ஜான், அவருடைய இரட்டைச் சகோதரர் என மூன்று பையன்களும் சின்ன வயதிலேயே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஜாக் பேப்பர் போட்டார், ஓட்டலில் பரிமாறினார், பவுலிங் விளையாடும் இடத்தில் பின் அடுக்கினார். அடுக்கி நிமிர்வதற்குள் அடுத்த பந்து வந்து சாய்த்துவிடும். மறுபடி அடுக்க வேண்டும்.

மூவரில் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்ற நிலை. வாய்ப்பு ஜாக்குக்குக் கிடைத்தது. மற்ற இருவரும் சம்பாதிக்கப் போனார்கள். உதவித்தொகையில் பிரின்ஸ்டனில் சேர்ந்தவர், அங்கேயும் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு தூக்கினார். பிறகு பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளுக்கான டிக்கெட் அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டார். மியூச்சுவல் ஃபண்டுகள் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு, வெலிங்டன் ஃபண்டை நடத்திய வால்டர் மார்கன் கண்ணில் பட்டது. 1951-ல் வேலை கிடைத்தது.

டாக்டரையே மாற்றினார்

1960-ல் ஒரு நாள் மச்சானோடு டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது நெஞ்சில் சுரீர் என்று வலி. “ஹார்ட் அட்டாக் போலிருக்கு” என்றாராம். 31 வயதில் ஹார்ட் அட்டாக்கா என்று இருவரும் சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். வந்தது உண்மையிலேயே ஹார்ட் அட்டாக்தான். பிறவியிலேயே வந்த இதயக் கோளாறு அது. பிறகும் பலமுறை தாக்கியது.

வேலையை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய் ஓய்வெடுங்கள் என்றார் ஒரு டாக்டர். போகில் வேலையை விடவில்லை, டாக்டரை விட்டார். பாஸ்டனில் பெர்னார்ட் லோன் என்ற இதய நிபுணரிடம் போனார். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரில், நேர் மின்னோட்டத்தில் இயங்கும் வகையை உருவாக்கியவர் இந்த லோன்தான். அந்த வகைக் கருவி ஒன்றைக் கையோடு ஸ்குவாஷ் கோர்ட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஆடினார் போகில். எதிரே நின்று ஆடியவரின் நிலைமையை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

டென்னிஸில் இருந்து ஒரு பாடம்

வேலையிலும் அடி விழுந்தது. வெலிங்டனை அவர் ஒரு பாஸ்டன் நிறுவனத்தோடு இணைத்திருந்தார். சந்தை சரிந்தபோது அந்தக் கூட்டாளிகளே 1974 ஜனவரியில் அவரை வெளியேற்றினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வேன்கார்ட் பிறந்தது. 1798-ல் நைல் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் தலைமைக் கப்பலுக்கு இருந்த பெயர் அது. ஊழியர்களை அவர் அழைத்ததும் ‘கப்பல் குழுவினர்’ என்றுதான்.

மறு ஆண்டு சார்லஸ் எல்லிஸ் எழுதிய ஒரு கட்டுரை முதலீட்டு வட்டாரத்தில் பரபரப்பானது. அதற்கு அடிப்படை டென்னிஸ். தொழில்முறை வீரர்கள் நல்ல ஷாட் அடித்துப் பாயின்ட் எடுக்கிறார்கள். சாதாரண ஆட்டக்காரர்களிடையே எதிராளி வலையில் அடித்தும் கோட்டுக்கு வெளியே அடித்தும்தான் பெரும்பாலான பாயின்ட்டுகள் வருகின்றன. முதலீடும் இப்போது இந்த இரண்டாவது வகை என்றார் எல்லிஸ்: தப்பு குறைவாகச் செய்பவரே ஜெயிப்பார். தன்னைத் தூண்டிய எழுத்துகளில் இதையும், பொருளாதார மேதை பால் சாமுவேல்சனின் கட்டுரையையும் போகில் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

அவர் கணக்கு எளிமையானது. எல்லா முதலீட்டாளரும் சேர்ந்ததுதான் சந்தை. ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைத்தால் இன்னொருவருக்குக் குறைந்தாக வேண்டும். ஆனால், களத்துமேட்டில் மூட்டைக்கு ஒரு படி எடுத்துக்கொள்ளும் தரகரைப் போல, கட்டணம் மட்டும் எல்லோரிடமிருந்தும் போய்க்கொண்டே இருக்கும். ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 7 சதவிகிதம் வளர்ந்தால் 50 ஆண்டுகளில் 29.46 லட்சம். அதில் 2 சதவிகிதம் செலவுக்குப் போய் 5 சதவிகிதம்தான் மிஞ்சினால்? வெறும் 11.47 லட்சம்!

அந்தச் செலவைக் குறைக்கத்தான் 1976 ஆகஸ்ட் மாதம், எஸ் அண்ட் பி 500 என்ற அமெரிக்கப் பங்குப் பட்டியலை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டை மக்களுக்காக வெளியிட்டார். எதிர்பார்த்தது 15 கோடி டாலர், வந்தது 1.13 கோடி டாலர். 500 பங்குகளையும் முறையாக வாங்கக்கூடப் போதாது. ‘போகிலின் பைத்தியக்காரத்தனம்’ என்று சிரித்தார்கள். சராசரி வருமானத்தில் திருப்தி அடைவது அமெரிக்கத்தனமே இல்லை என்று போஸ்டர்கூட அடித்தார்கள். போகில் அசரவில்லை. அவர் மறைந்தபோது வேன்கார்ட் நிர்வகித்த பணம் சுமார் 5 லட்சம் கோடி டாலர். நிறுவனத்தின் உரிமை ஃபண்டுகளிடம், அதாவது யூனிட் வைத்திருக்கும் மக்களிடமே இருக்கும்படி அமைத்ததால், போட்டி நிறுவன முதலாளிகளைப் போல அவர் பில்லியனர் ஆகவில்லை.

மகனுக்குக் கொடுத்த சலுகை

1996 பிப்ரவரி 21 அன்று, 66 வயதில், அவருக்கு மாற்று இதயம் பொருத்தப்பட்டது. அதற்காக ஃபிலடெல்பியா மருத்துவமனையில் 128 நாள்கள் காத்திருந்தார். புது இதயத்தோடு திரும்பவும் ஸ்குவாஷ் ஆடப் போனார். மேலும் 23 ஆண்டுகள் எழுதினார், பேசினார், அதிகக் கட்டணம் வாங்கும் ஃபண்டுகளோடு ஓயாமல் சண்டை போட்டார். அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு அதிக நன்மை செய்தவருக்குச் சிலை வைப்பதென்றால் அது போகிலுக்குத்தான் என்று எழுதினார் வாரன் பஃபெட்.

ஊரை உலுக்கிய இந்தக் கொள்கைக்காரர் வீட்டுக்குள் கொஞ்சம் வளைந்துகொடுத்தார். மகன் ஜான் போகில் ஜூனியர் நடத்தியது, அப்பா காலமெல்லாம் எதிர்த்த வகை: பங்குகளைத் தேர்ந்தெடுத்துச் சந்தையை முந்தப் பார்க்கும் ஃபண்டு. அதில் அப்பாவும் பணம் போட்டிருந்தார். கேட்டபோது, குடும்பத்துக்காகச் சிலதைச் செய்வதுதான், வாழ்க்கையில் எல்லாமே ஒரே சீராக இருக்காது என்ற ரீதியில் பதில் சொன்னார்.

இந்தியாவில் 2013 முதல் எல்லா மியூச்சுவல் ஃபண்டுகளிலும் தரகுச் செலவு இல்லாத டைரக்ட் பிளான் இருக்கிறது. உங்கள் ஃபண்டின் செலவு விகிதம் எவ்வளவு, நீங்கள் இருப்பது தரகு சேர்ந்த ரெகுலரா, டைரக்டா என்று ஒருமுறை பாருங்கள். அந்த வித்தியாசத்தை 20 ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும், தெரிந்த பையன், நம்ம வீட்டு ஏஜென்ட் என்று அதிலேயே தொடர நினைத்தால் தாராளமாகத் தொடருங்கள். தெரிந்தே செய்த விட்டுக்கொடுப்பு என்றால், போகிலே உங்கள் கட்சிதான்.