பாஸ்புக்கில் ஓர் அந்நியப் பெயர்

மதரஸா விட்டுப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த மாலை வேளை. மாணவன் ஒருவனின் தாயார் பாஸ்புக்குடன் வந்து நின்றார். கணவர் சவூதியில் இருக்கிறார்.

"ஹஜ்ரத், மாதாமாதம் 299 ரூபாய் போகிறது. யாருக்கென்றே தெரியவில்லை."

ஐந்து மாதங்களில் 1,495 ரூபாய். அதைவிட அவரை வாட்டியது வேறொன்று. அவருக்கு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்துத் தருபவன் தம்பி மகன். அவன்மீது ஐயம் விழுந்து, அவன் வீட்டுக்கு வருவதே நின்றுபோயிருந்தது.

வாசகர்களே, ஏ.டி.எம். இயந்திரம் 299 ரூபாயை எண்ணித் தருமா? இதை அவ்வீட்டில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அத்துடன், பணம் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், ஒரே பெயருக்குச் சென்றிருந்தது. இவ்வாறு தேதி தவறாமல் போகும் தொகை பெரும்பாலும் சந்தாவாகவே இருக்கும். முதல் 299-க்கு ஒரு வாரம் முன்பு அதே பெயருக்கு ஒரு ரூபாய் போயிருந்ததையும் கண்டேன்.

மகனை விசாரித்தபோது விளங்கிற்று. ஓவியம் கற்பிக்கும் செயலி ஒன்று, முதல் வாரத்திற்கு ஒரு ரூபாய் கேட்டிருக்கிறது. "ஒரு ரூபாய்தானே உம்மா" என்று அவன் கெஞ்ச, தாயாரே தம் யு.பி.ஐ. இரகசிய எண்ணை அழுத்தியிருக்கிறார். அந்த ஓர் அழுத்தலே பின்வரும் மாதங்களுக்கெல்லாம் அனுமதியாகிவிட்டது. 2020-இல் அறிமுகமான 'ஆட்டோபே' என்னும் ஏற்பாடு இது. இத்தகைய சந்தாக்களில் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு மறுமுறை இரகசிய எண் கேட்கப்படுவதில்லை. பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னரே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அறிவிப்பும் வந்திருந்தது, ஆங்கிலத்தில்! படிக்கப்படாமல் கிடந்தது.

பெயர் ஏன் அந்நியமாக இருந்தது? பிள்ளைகள் அறிந்தது செயலியின் பெயர். வங்கி அச்சிடுவது அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர், அல்லது இடையில் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர். ஆகவே பெயரை விட்டுத் தொகையையும் தேதியையும் பற்றிக்கொண்டு, பழைய குறுஞ்செய்திகளில் தேடுங்கள்.

"அதை இரண்டு மாதம் முன்பே அழித்துவிட்டேனே!" என்றார் அத்தாயார். செயலியை அழித்தால் சந்தா அழிவதில்லை. பணம் செலுத்தும் செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குச் சென்று அனுமதியை ரத்து செய்தோம். இரண்டு நிமிட வேலை. கூகுள் பிளே வழியே எடுத்த சந்தாவாயின் அங்குள்ள சந்தாப் பட்டியலிலேயே ரத்து செய்ய வேண்டும். வீட்டில் எவருமே அனுமதி தராமல் பணம் போயிருந்தால் அது வேறு விவகாரம். உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

ஒரு ரூபாயைக் கொட்டை எழுத்திலும் 299-ஐக் கடுகெழுத்திலும் காட்டுவதை வணிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய சந்தாப் பொறிகளை 2023 நவம்பரில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடைசெய்தன.

மறுமாதம் பணம் போகவில்லை. தம்பி மகனை அழைத்துவர அத்தாயாரே நேரில் சென்றாராம். அவன் உடனே வரவில்லை. மூன்று நாட்கள் கழித்தே வந்தான்.