கரி போனது, ஈயம் போகவில்லை

அந்த ஊரில் பனி வெள்ளையாக விழும். சிறிது நேரத்தில் கறுத்துவிடும். மேய்ந்துவிட்டுத் திரும்பும் ஆடுகளும், கொடியில் உலர்த்திய படுக்கை விரிப்புகளும், பள்ளிக்குப் போய் வரும் பிள்ளைகளின் முகமும் அப்படித்தான். 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு வீழ்ந்து ருமேனியாவின் கதவுகள் திறந்தபோது, உள்ளே நுழைந்த வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் கோப்ஷா மிக்காவைத் தேடிப் போனார்கள். ஐரோப்பாவிலேயே மிக மோசமாக மாசடைந்த ஊர்களில் ஒன்று என்ற பட்டம் உடனே ஒட்டிக்கொண்டது.

படங்களில் தெரிந்தது கரி. ஊரைக் கெடுத்ததில் பெரும் பங்கு கரியுடையதல்ல.

டிரான்சில்வேனியாவில், சிபியு மாவட்டத்தின் வடக்கே, தர்னவா மாரே ஆற்றின் கரையில் குன்றுகளுக்கு நடுவே அமுங்கிக் கிடக்கிறது கோப்ஷா மிக்கா. பெயரின் பொருள் 'சின்ன கோப்ஷா'. 'பெரிய கோப்ஷா'வும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெரியது இன்றும் அமைதியான கிராமம். சின்னதுதான் தொழில் நகரமானது. தலைநகர் புகாரெஸ்டிலிருந்து க்ளூஜ் நகருக்குப் போகும் ரயில் பாதையும் சிபியுவுக்குப் பிரியும் கிளைப் பாதையும் இங்கே சந்திக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய ஜெர்மன் மொழி பேசும் சாக்சன்கள், ருமேனியர்கள், ஹங்கேரியர்கள், ரோமா இனத்தவர் என்று எல்லோரும் கலந்து வாழ்ந்த வட்டாரம் இது. சாக்சன்கள் இதை 'ஒயின் நாடு' என்றே அழைத்தார்கள். ஊருக்கு அருகிலுள்ள வேலியா வீலோர் கிராமத்தின் பெயருக்கே திராட்சைத் தோட்டப் பள்ளத்தாக்கு என்றுதான் பொருள். கோட்டை மதிலுக்குள் நிற்கும் அதன் தேவாலயம் 1999ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

திராட்சை விளைந்த மண்ணுக்கு அடியில் இயற்கை எரிவாயு இருந்ததுதான் வினையாயிற்று. பக்கத்தில் 12 கி.மீ. தூரத்திலுள்ள மெடியாஷ் நகரம் ருமேனிய எரிவாயுத் தொழிலின் தலைமையிடம். மலிவான வாயு, கையருகே ரயில். 1935ல் கோப்ஷா மிக்காவில் ஓர் ஆலை எழுந்தது. பின்னாளில் கார்போசின் என்று அறியப்பட்ட அந்த ஆலையின் வேலை எளிமையானது: வாயுவைப் போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரித்து, அதில் படியும் கரித்தூளைச் சேகரிப்பது. டயர் ரப்பருக்கு உறுதி தருவது இந்தத் தூள். பத்திரிகை அச்சடிக்கும் கறுப்பு மையிலும் இதுதான் இருக்கிறது. சேகரிப்பில் தப்பிய தூள் ஊர்மீது இறங்கியது, ஏறத்தாழ 60 ஆண்டுகள்.

1939ல் துத்தநாக உருக்காலை வந்தது. சோமெத்ரா என்று பெயர் பெற்ற இந்த ஆலை பிற்பாடு ஈயத்தையும் உருக்கியது. உலோகத் தாதுக்களில் கந்தகம் கலந்திருக்கும். உருக்கும்போது கந்தக டை ஆக்ஸைடு வெளியேறி, மழையோடு சேர்ந்து அமிலமாக இறங்கியது. குன்றுகளில் மரங்கள் கருகின. வேர் பிடிப்பில்லாத சரிவுகள் அரித்து ஓடின. புகையோடு ஈயமும் காட்மியமும் நுண்துகளாகப் பறந்தன. பள்ளத்தாக்கு என்பதால் காற்றில்லாத நாட்களில் புகை மேலெழாமல் வீடுகள்மீதே படுத்துக்கிடந்தது. அதற்குத் தீர்வாகச் சுமார் 250 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கி கட்டினார்கள். அது விஷத்தைக் குறைக்கவில்லை. பக்கத்துக் கிராமங்களுக்கும் பங்கு வைத்தது, அவ்வளவுதான்.

கரியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கலாம். ஈயத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குழந்தைகளின் ரத்தத்தில் கலந்து மூளை வளர்ச்சியைத் தடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நுரையீரல் நோய் ஊரில் சாதாரணமாயிற்று. இங்குள்ளவர்களின் ஆயுள் நாட்டுச் சராசரியைவிட ஒன்பது ஆண்டு குறைவு என்று செய்திகள் வெளிவந்தன. சௌஷெஸ்கு காலத்தில் இதையெல்லாம் உரக்கப் பேச முடியாது. உற்பத்தி இலக்கு மட்டுமே பேச்சு.

1993ல் கார்போசின் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் கூரைகளின் நிறம் தெரிந்தது, குன்றுகளில் புல் தலைகாட்டியது. காமிராக்கள் கிளம்பிவிட்டன. சோமெத்ரா மட்டும் உருக்கிக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்களில் பலரும் அதையே விரும்பினார்கள் என்பதுதான் சங்கடம். ஒரு சம்பளம் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டாவதும் போனால் எதைச் சாப்பிடுவது? 1998ல் ஆலையை ஒரு கிரேக்க நிறுவனம் வாங்கியது. 2007ல் ருமேனியா ஐரோப்பிய யூனியனில் சேர, மாசு விதிகள் இறுகின. 2008ல் உலகச் சந்தையில் உலோக விலை சரிந்தது. 2009 தொடக்கத்தில் உருக்கு உலைகள் நின்றன.

வானம் தெளிந்தது, வேலையும் போயிற்று. சாக்சன்களில் பெரும்பாலோர் 1990க்குப் பின் ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தார்கள். இப்போது மற்றவர்களும் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். 2011 கணக்கெடுப்பில் ஊரில் எஞ்சியவர்கள் 5,404 பேர்.

மண் மட்டும் எங்கும் போகவில்லை. ஈயம் மேல்மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்; மழை அதை எளிதில் கரைத்துவிடாது. காட்மியத்தைக் கீரை வகைகள் வேர்வழியே உறிஞ்சி இலைக்கு ஏற்றிவிடும். சம்பளம் இருந்தால் காய்கறியைக் கடையில் வாங்கலாம். வேலை போனவர்கள் கொல்லையில்தான் விதைக்கிறார்கள், ஆற்றோரப் புல்லைத்தான் மாட்டுக்குப் போடுகிறார்கள். ஆலையை மூடியதால் வந்த வறுமை, ஆலை விட்டுப்போன விஷத்தையே தட்டில் கொண்டுவந்து வைக்கிறது.

மண்ணை முழுவதும் அள்ளி மாற்றுவது நடக்கிற காரியமல்ல. அரிப்பைத் தடுக்கச் சரிவுகளில் வேலமரம் போன்ற முள்மரங்களை நட்டார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளரும் மிஸ்காந்தஸ் என்ற புல்லையும் பரிசோதனையாகப் பயிரிட்டுப் பார்த்தார்கள். அந்தப் புல் விஷ மண்ணிலும் செழிக்கிறது. வெட்டி எரிபொருளாக்கலாம். யாரும் அதைத் தின்னப்போவதில்லை.