எட்டு ரப்பரும் என் ஹெரால்டும்!

“என்கிட்ட ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு” என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மொத்தமும் ஜன்னலுக்கு ஓடி வரும். கீழே நிற்பது 1965 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று தெரிந்ததும், “இதுவா?” என்று டீ குடிக்கப் போய்விடும்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை சார். 1959-ல் இங்கிலாந்தில் பிறந்தது டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் சேஸிஸைக் குட்டையாக்கி, மாற்றித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்க சஸ்பென்ஷனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, 1961 முதல் மதராஸில் தயாரான நம்ம ஹெரால்டு, ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை!

என் வண்டி அப்பா ஓட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் தாண்டிப் போகும்போது ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. ஆனால் நேராக இல்லை. இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின் ஸீட்டில் என் மகள்.

சைக்கிள்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது. மனைவி திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரே வாக்கியம்தான்.

“இது உங்க அப்பா நினைவா இருக்கட்டும். நம்ம நினைவா ஆயிடக் கூடாது. வித்துடுங்க.”

ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பிரேக்கில் குற்றமில்லை. குற்றவாளி, ‘புஷ்’ என்னும் ரப்பர் வளையம். சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒவ்வொன்றும் சேஸிஸோடு சேரும் இடத்தில் இரண்டு புஷ். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. ரப்பர் வெடித்துவிட்டால் பிரேக் போடும்போது அந்தக் கை பின்னால் நகரும். சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஸ்பீட் பிரேக்கரில் ‘டொக் டொக்’ என்று கேட்டதை நான்தான் ‘பழைய வண்டி, அப்படித்தான் பேசும்’ என்று விட்டிருந்தேன்.

புதுப்பேட்டையில் தேடி எட்டு புஷ் வாங்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முழு செட்டைக் கழற்றி, கைகளை வெளியே எடுத்து, பழைய ரப்பரை வைஸில் வைத்து நெட்டித் தள்ளினேன். புதுசுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினேன். (எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் ஊறிப்போகும்.) சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, ஒவ்வொரு நட்டையும் என் முழு பலத்தோடு முடுக்கினேன். வண்டி நேராக நின்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நாலே மாதம். மறுபடி ‘டொக் டொக்’.

இந்த முறை வண்டியை எங்கள் தெரு மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தார். புத்தம் புது ரப்பர், சுற்றிலும் கிழிந்திருந்தது.

“தொங்கவுட்டே முடுக்குனியா சார்?”

“ஆமா பாய்.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிக் காட்டினார்.

“இந்த ரப்பர் வழுக்காது சார், முறுங்கும். உள்ள இருக்குற இரும்புக் குழா சேஸிஸோட டைட்டு, வெளிப்பக்கம் கையோட டைட்டு. நடுவுல ரப்பர். தொங்கும்போது முடுக்குனா, வண்டிய எறக்குன ஒடனே அது முறுங்கிப்பூடும். அப்பால ஒவ்வொரு பள்ளத்துலயும் இன்னும் முறுங்கும். கிழியாம இன்னா பண்ணும்?”

வைத்தியம்? மறுபடி எட்டு புஷ். இந்த முறை நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அழுத்தி ஆட்டினோம்.

“ரெண்டு ஆளு முன்னாடி உக்காரணும் சார். ஓடுற வெயிட்டுல இருக்கும்போதுதான் முடுக்கணும்.”

வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியையும் மகளையும் அழைத்து வந்தேன். விற்கச் சொன்னவரே ஸீட்டில் உட்கார்ந்தார், முகத்தை ஏழு முழம் தூக்கி வைத்துக்கொண்டு. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கம் சாயும். பாய் டயர் மேல் சாவகாசமாக உட்கார்ந்து மேல் நட்டுகளை முடுக்கினார். கீழ் நட்டுகளுக்கு நான் படுத்தேன்.

அடுத்த ஞாயிறு, காலியான ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை மிதித்தேன். கோடு போட்டாற்போல் நேராக நின்றது. ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தளர்த்திக்கொண்டு இன்னொரு தரம். நேராக!

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஏங்க, என்னை வெறும் வெயிட்டுக்குத்தான் கூப்பிட்டீங்களா?”

நான் வாயைத் திறக்கவில்லை. இருபது வருட அனுபவம்.

“சரி சரி... மகாபலிபுரம் எப்போ போறோம்?”