உங்களுக்குத் தெரியுமா? சிகரெட் புகையும் மாரடைப்பு மரபணுக்களும்

● ஒருவர் புகைபிடிப்பவரா என்று கண்டுபிடிக்க அவர் ரத்தத்தில் ஒரு துளி போதும். ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் மெத்தில், புகைபிடிப்பவர்களிடம் வெகுவாகக் குறைந்துபோயிருக்கும். மெத்தில் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு. அது டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றாது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்பதைக் கூட்டிக் குறைக்கும். இதைப் படிக்கும் துறைதான் எபிஜெனெடிக்ஸ்.

● 2011-ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள் எஃப்2ஆர்எல்3 மரபணுவிலும் இப்படி ஓர் இடத்தைக் கண்டார்கள். ரத்தத் தட்டணுக்களுக்கு ‘உறைந்துகொள்’ என்ற உத்தரவை வாங்கித் தரும் புரதம் இந்த மரபணுவிலிருந்துதான் வருகிறது. மாரடைப்பில் தமனியை அடைப்பதும் உறைந்த ரத்தம்தானே! அடுத்த ஆண்டே இன்னொரு முடிவு வந்தது: இதய நோயாளிகளில், அந்த இடத்தில் மெத்தில் குறைந்தவர்களிடையே இறப்பு அதிகம்.

● “எங்க தாத்தா கட்டுக்கட்டா பீடி குடிச்சும் தொண்ணூறு வரைக்கும் இருந்தார்” என்று சொல்லாத ஊர் உண்டா? நல்ல மரபணு காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் அடாம்டிஎஸ்7 மரபணுவின் கதையை அவசியம் படிக்க வேண்டும். 15-ஆம் குரோமோசோமில் இருக்கும் இது, தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு வளரத் துணைபோகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இதன் வேகம் குறைவு. அது அவர்கள் அதிர்ஷ்டம். சுமார் 60,000 இதய நோயாளிகளையும் 80,000 மற்றவர்களையும் ஒப்பிட்ட 2017 ஆய்வில், இந்த அதிர்ஷ்டம் புகையே தொடாதவர்களுக்கு அபாயத்தை 12 சதவீதம் குறைத்தது. புகைபிடித்தவர்களுக்கு வெறும் 5. ஆய்வகத்தில் இதயத் தமனியின் தசைச் செல்கள் மீது புகைச்சாற்றை விட்டுப் பார்த்தபோது, அதே மரபணு முடுக்கிவிடப்பட்டது. பிறவி கொடுத்த வரத்தைப் புகை பறித்துக்கொள்கிறது!

● அதே குரோமோசோமில், பக்கத்திலேயே, நிகோடின் ஏற்பி மரபணுக்கள். அவற்றின் ஒரு வகை வாய்த்தவர்கள் நாளுக்கு ஒரு சிகரெட்டாவது கூடுதலாகப் பிடிக்கிறார்கள்.

● அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மாரடைப்பு, நமக்கும் விதித்ததுதான் என்று கைவிட வேண்டாம். 2016-ல் 55,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். புகையின்மை, உடற்பயிற்சி, நல்ல உணவு, உடல் பருமனின்மை – இந்த நான்கில் குறைந்தது மூன்று இருந்தால், மரபணு அபாயம் மிகுந்தவர்களுக்கும், ஒன்று மட்டுமே உள்ளவர்களையும் அதுவும் இல்லாதவர்களையும்விட ஆபத்து 46 சதவீதம் குறைவு.

● கர்ப்பிணி புகைபிடித்தால், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் ஏ.எச்.ஆர்.ஆர். தடம் தெரியும்.

● சுமார் 16,000 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், புகையின் தடம் 7,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் தென்பட்டது. மகிழ்ச்சியான சேதி: விட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன. சில மட்டும் 30 ஆண்டுகள் கழித்தும் அழியவில்லை. எனவே, எப்போதோ விட்டிருந்தாலும், டாக்டரிடம் அந்தப் பழைய பழக்கத்தையும் சொல்லிவிடுங்கள்.