"எனக்கு ஏலாது, நீங்க போய்ட்டு வாங்கோ"

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் "இம்முறை எங்கே போவது?" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும். மலைநாட்டில் ஒரு பெரியம்மாவோ மூத்தம்மாவோ இருந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரவு தங்க அவர் வீடு இருக்கிறது. காலையில் இடியப்பமும் சம்பலும் அவர் கையால். மத்தியானச் சோற்றுப் பார்சலும் அங்கிருந்தே. பிறகு பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் மலை பார்க்கப் போய்விடுவார்கள். அவர் வாசலில் நின்று கையசைப்பார். மாலையில் திரும்பி வரும்போது தேநீர் தயாராக இருக்கும். ஊருக்கு வந்ததும், "மூத்தம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம்" என்று சொல்லிக்கொள்வார்கள். பார்த்தது என்னவோ மலையைத்தான்.

எங்கள் மூத்தம்மா உக்குவளையில் இருக்கிறார். உம்மாவைப் பெற்றவர். 2024 ஓகஸ்டில் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் அவரிடம் போனபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வருத்தம் மூன்றும் உண்டு. வலது கண்ணில் வெண்புரை. மூத்தவாப்பா மௌத்தான பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். பகலில் ஒரு பெண் வந்து உதவி செய்துவிட்டுப் போவார். கொழும்பில் இருக்கும் மாமா, "இனித் தனியே விட ஏலாது, வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வரட்டும்" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் வீடு நான்காம் மாடியில். இதைப் பற்றி எல்லோரும் எல்லோரோடும் தொலைபேசியில் பேசினார்கள். மூத்தம்மாவோடு மட்டும் யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "நாளைக்கு ரிவர்ஸ்டன் போவோம், நீங்களும் வாங்கோ" என்றேன். உடனே பதில் வந்தது. "எனக்கு ஏலாது மகள், நீங்க போய்ட்டு வாங்கோ."

இந்த "ஏலாது" என்ற சொல்லை நம் வீட்டு முதியவர்களிடம் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள் சகோதரிகளே. சில நேரம் அது முழங்காலைப் பற்றியது. பல நேரம், "என்னால் உங்களுக்குக் கரைச்சல்" என்பது அதன் பொருள். இன்னும் சில நேரம், "இன்னொரு தரம் கேள்" என்பதுதான். எது என்று அறிய, முகத்தைப் பார்த்து இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கிறது. நான் கேட்டேன். "அங்கே நடக்க வேண்டாம், வேனிலேயே மேலே மட்டும் போகலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பக்கம் நான் போனதே இல்ல" என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். மூத்தம்மா பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மாத்தளைப் பகுதியில். அதைவிட, மூத்தவாப்பா ஏல வியாபாரி. அந்த மலையின் ஏலக்காயில்தான் அவர்களுடைய குடும்பமே வளர்ந்தது.

ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட்டிலப்பத்தில் தட்டிப் போடும் நமக்கு அது எப்படி வருகிறது என்று தெரிவதில்லை. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் காய்ப்பது மேலே அல்ல. அடியில், நிலத்தோடு படர்ந்த கொத்தில். குனிந்துதான் பறிக்க வேண்டும். வெயில் ஆகாது, பெரிய மரங்களின் நிழலும் ஈரமும் குளிரும் வேண்டும். இதெல்லாம் ஒருங்கே அமைந்த இடம் நக்கிள்ஸ் மலைத்தொடர். பறித்த காயை வெயிலில் போட்டால் பச்சை நிறம் போய்விடும் என்று மலையிலேயே வாடி கட்டி விறகுச் சூட்டில் உலர்த்துவார்கள். நாலைந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். விலையைக் கேட்டுக் கடையில் நாம் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

மூத்தவாப்பா லக்கலைப் பக்கத்துக் கிராமங்களில் ஏலம் வாங்கிச் சாக்குகளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாராம். முன் விறாந்தையில் பாய் விரித்து மூத்தம்மாவும் அயல் வீட்டுப் பெண்களும் அதைத் தெரிவார்கள். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், வெடித்தது வேறாக. அறுபதுகளில் கல்யாணம் முடித்து வந்தது முதல் இருபது வருடங்களுக்கு மேல் இதுதான் வேலை. கணக்கும் அவர் தலையில்தான் இருந்தது. எந்தக் கிராமத்துக் காய் எப்படி இருக்கும் என்பது வரை இன்றும் சொல்வார். அந்த ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றையும் கண்டதில்லை. "ஆம்புளைகள் போற இடத்துக்கு நாங்க ஏன் போற?" என்றார், கோபமில்லாமல்.

ஞாயிறு காலை புறப்பட்டோம். முதியவர் ஒருவரை மலைப்பாதையில் கூட்டிப்போவதென்றால் முன்கூட்டிச் செய்ய வேண்டியவை சில உண்டு. முன் ஆசனத்தை அவருக்கே கொடுங்கள். இரத்தோட்டையைத் தாண்டியதும் வளைவுக்கு மேல் வளைவு. பின்னால் இருந்தால் தலைசுற்றும், வாந்தி வரும். சீனி வருத்தக்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். "அங்கே போய்ச் சாப்பிடலாம்" என்று இருக்காதீர்கள், மேலே கடை கண்ணி குறைவு. மருந்தை வழமையான நேரத்திலேயே கொடுங்கள். பிரஷருக்காகச் சிறுநீர் போகும் குளிசை எடுப்பவரானால், பிரயாண நாளில் எத்தனை மணிக்கு எடுப்பது என்று முதலிலேயே டொக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றை வெளிப்படையாகவே எழுதுகிறேன். நம் பெண்கள் பிரயாணம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். மலசலகூடத்துக்குப் போக இடமிருக்காதே என்ற பயம். வயதானவர்களுக்கு இது ஆபத்து. மயக்கம் வரும், சீனியும் ஏறும். மாத்தளையில் ஒரு தரம், இரத்தோட்டையில் ஒரு தரம் என்று வேனை நிறுத்துவதை நீங்களே திட்டத்தில் போட்டுவிடுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று விட்டால் கேட்கவே மாட்டார். இரத்தோட்டைக்குக் கிட்ட பம்பரகிரி எல்ல என்ற அழகான நீர்வீழ்ச்சியும் தொங்குபாலமும் இருக்கின்றன. பிள்ளைகள் குளிக்க ஆசைப்படுவார்கள். அங்கே நீரில் மூழ்கி இறந்தவர்கள் உண்டு; இறங்க விடாதீர்கள்.

நாங்கள் கூடுதலாகக் கொண்டுபோனவை ஒரு பிளாஸ்டிக் கதிரையும் மூத்தம்மாவின் கம்பளிச் சால்வையும்தான். இரண்டும் பெரிதாகப் பயன்பட்டன. பள்ளிவாசல்களைக் கீழே விட்டுவிட்டு ஏறுகிறோம் என்பதால் வுழூவுக்குத் தண்ணீரும் முஸல்லாவும் வேனில் இருக்கட்டும். அபாயா அணியும் பெண்கள் அடிமட்டத்தை நிலத்தில் இழுபடாமல் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். அட்டைகளுக்கு உப்போ சவர்க்காரமோ போதும்.

நக்கிள்ஸ் என்பது வெள்ளைக்காரர் வைத்த பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் பொத்திய கையின் விரல் முட்டுக்கள் போலத் தெரிகிறதாம். சிங்களத்தில் தும்பறை மலை என்பார்கள். அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பானியா 1,906 மீற்றர். பாதை அவ்வளவு உயரம் போகாது, ஆனாலும் ரிவர்ஸ்டனுக்கு வந்ததும் காற்று வேன் கதவையே திறக்க விடவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் அங்கே காற்று அப்படித்தான். மரங்கள்கூடக் குட்டையாகக் கூனிப்போய் நிற்கின்றன. உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம். பிள்ளைகளை வாப்பா அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். நானும் மூத்தம்மாவும் வேனிலேயே இருந்தோம்.

கண்ணாடியை இறக்கச் சொன்னார். மூடுபனி உள்ளே வந்தது. ஈரமான இலைக்குப்பை வாசம் ஒன்று, காட்டுக்குள் எப்போதும் இருப்பது. மூத்தம்மா மூச்சை இழுத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"மகள், சாக்க அவுக்கக்கொள இந்த வாசந்தான் வரும். ஏலக்காய்ட வாசமெண்டுதான் இவ்வளவு நாளும் நெனச்சீந்தன்."

கண் சரியாகத் தெரியாதவர் அந்த மலையை மூக்கால் கண்டுகொண்டார்.

ரிவர்ஸ்டனைத் தாண்டி லக்கலைப் பக்கம் இறங்கினால் ஒரு புதினம் காத்திருக்கிறது. சில நிமிடங்களுக்குள் பனியும் தூறலும் போய் நல்ல வெயில் வந்துவிடும். தென்மேற்கு மழைக்காற்றை மலை மேற்குப் பக்கத்திலேயே மறித்துவிடுவதால், கிழக்குச் சரிவு அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கிறது. புத்தகத்தில் பாடமாக்கிய விஷயத்தைக் கண்ணால் கண்டதும் என் மூத்த மகள் வாயைத் திறந்தபடி இருந்தாள். இந்த மலையில் பெய்யும் மழைதான் ஓடைகளாக மகாவலியில் போய்ச் சேர்கிறது.

அங்கேதான் பிட்டவல பத்தன. முதியவரோடு போவோருக்கு ரிவர்ஸ்டனைவிட இது ஏற்ற இடம். பாறைமேல் மெல்லிய மண், அதில் குட்டைப் புல், பார்க்குமிடமெல்லாம் மைதானம் போல. பாறை வெடிப்புகளின் ஈரத்தில் வாழும் ஒரு தவளை உண்டு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். மைதானத்தின் முடிவில் நிலம் சடாரென்று பள்ளத்தில் விழுகிறது. சிறு பிள்ளைகளின் கையை அங்கே விடவே வேண்டாம். மூத்தம்மாவுக்குப் புல்வெளியின் தொடக்கத்தில் கதிரையைப் போட்டோம். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். பிள்ளைகள் ஓடி ஓடி வந்து கண்டதைச் சொன்னார்கள். அவர் இடது கண்ணால் பார்த்துக்கொண்டே, "இலுக்கும்புர எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினோம்.

இப்போது அந்தக் காட்டில் ஏலம் பயிரிட அனுமதி இல்லை. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. ஏலத்துக்காகப் பெரிய மரங்களை விட்டுவிட்டுக் கீழ்ச்செடிகளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்குவார்கள். வாடிகளுக்கு விறகும் அந்தக் காட்டிலிருந்தே. அப்படியே விட்டிருந்தால் புது மரம் முளைக்க வழியில்லை. மகள் இதை விளக்கினாள். மூத்தம்மா கேட்டுவிட்டு, "சரிதான், ஆனா அதால எத்தன குடும்பம் கை வெறுங்கையாப் போச்சு" என்றார். இருவர் சொல்வதும் உண்மை. காடு நின்றது, வியாபாரமும் நின்றது. எங்கள் மாமா கொழும்புக்குப் போனதே அதன் பிறகுதான்.

திரும்பி வரும் வழியில், கேட்காமலே, மூத்தம்மா தன் முடிவைச் சொன்னார். முதலில் கண்ணுக்கு ஒபரேஷன். பிறகு மகனிடம் போய் இரண்டு மாதம் இருப்பார். அடுத்த இரண்டு மாதம் உக்குவளையில், இரவில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். வீட்டை விற்கிற பேச்சு தன் காலத்தில் வேண்டாம். சாவி தன்னிடமே இருக்கும். உம்மா அன்றிரவே மாமாவுக்கு அழைத்துச் சொன்னார். மாமாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. நான்காம் மாடிப் படியில் முழங்கால் வருத்தத்தோடு எத்தனை தரம் இறங்கி ஏறுவது என்று மாமிதான் அவரிடம் கேட்டார். அதோடு வாதம் முடிந்தது.

2025 ஜனவரியில் கண் ஒபரேஷன் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது குர்ஆன் எழுத்துகள் தெரிகின்றன என்கிறார். அந்த வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது அவர் மாமா வீட்டில் இருந்தார். பின்வளவில் மண் கொஞ்சம் சரிந்ததோடு போய்விட்டது. அதை முதலில் சொன்னது பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா. மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

அந்தப் புயலில் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் மலைநாட்டுப் பாதைகள் பல சேதமாயின. ஆகவே விடுமுறைக்கு அந்தப் பக்கம் போக நினைக்கும் சகோதரிகள், வேனுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் பாதை எப்படி, மண்சரிவு எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று மாத்தளையில் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கிழக்குச் சரிவிலும் மழை. பெப்ரவரி, மார்ச் நல்லது. மழைமேகம் கண்டால் பாதி வழியிலேயே திருப்பிவிடுங்கள். கதிரையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.