தூண் மறைக்கும் ஆள்

மண்டிக்கு நம்மில் பலர் இன்று காரில்தான் வருகிறோம். புதிய கார்களின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண்கள், பழைய அம்பாசிடரில் இருந்தவற்றைவிடத் தடிமனானவை. வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் தாங்குவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு அது காவல். ஆனால் திருப்பத்தில் சைக்கிளில் வருபவரையே அது மறைத்துவிடும். பானட் உயரமான வண்டி என்றால், முன்னால் குனிந்து மூட்டை எடுக்கும் தொழிலாளியும் தெரியமாட்டார். 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பார்க்கிங் சென்சார், பின்பக்கத்துக்கு மட்டுமே.

ஆகவே வணிகப் பெருமக்களே, திரும்புமுன் தலையைச் சற்று முன்னே நகர்த்தித் தூணுக்கு அப்பால் பார்ப்போம். கடைவாசலில் வண்டியை எடுக்குமுன் ஒருமுறை சுற்றி வருவோம். பேரேட்டில் விடுபட்டதை மறுநாள் எழுதிக்கொள்ளலாம். போன உயிரை வரவு வைக்க முடியாது.