வாரமா, குத்தகையா? கம்பனிக்குக் கொடுக்கும் பணம்

நட்டஈடாக ஒரு தொகை கைக்கு வந்தாலும், மத்திய கிழக்கிலிருந்து மகள் அனுப்பும் பணம் சேர்ந்தாலும், அதைத் தேடி யாராவது ஒருவர் படலையடிக்கு வந்துவிடுகிறார். கம்பனியில் போட்டால் வங்கியைவிட இரட்டிப்பாகக் கிடைக்கும் என்கிறார். இடம்பெயர்ந்த எமக்கோ அது அடுத்த பெரும்போகத்தின் விதைநெல், உழவுகூலி. ஆகவே கம்பனி எந்த முறையில் எமது பணத்தை வாங்குகிறது என்று முதலில் கேட்போம்.

படுவான்கரையில் வயலைக் குத்தகைக்கும் கொடுப்போம், வாரத்துக்கும் கொடுப்போம். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல் வர வேண்டும். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. வெள்ளம் வந்தால் நட்டத்திலும் பங்கு. கம்பனிக்குக் கொடுக்கும் வைப்புப் பணம் குத்தகை போன்றது. கம்பனியின் பங்கு வாரம் போன்றது. பங்குக்கு நிச்சய வருமானம் உண்டு என்பவர் வாரத்தைக் குத்தகையென்று சொல்லி விற்கிறார்.

வைப்பு வாங்குவதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிப்பது பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு. 1987 ஆம் ஆண்டின் சட்டத்தில் பிறந்த அதற்கு 2021 இல் புதிய சட்டம் வந்தது. எமது இலாபத்துக்கு அது பிணை நிற்பதில்லை. கம்பனி கணக்கை மறைக்கிறதா, உள்ளிருப்போர் இரகசியம் அறிந்து வாங்கி விற்கிறார்களா, சிலர் கூடி விலையை ஏற்றுகிறார்களா என்று பார்ப்பதே அதன் வேலை.

இந்தக் காவல் எவ்வளவு தேவை என்பது போருக்குப் பின் தெரிந்தது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் கொழும்புப் பங்கு விலைகள் பாய்ந்து ஏறின. 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தாண்டிய சுட்டெண் 2012 நடுப்பகுதியில் 5,000 அளவுக்கு இறங்கியது. கடனுக்குப் பங்கு வாங்கியோர் விற்கவேண்டியதாயிற்று. 2011 டிசம்பரில் ஆணைக்குழுவின் தலைவர் பதவி விலகினார். 2012 ஓகஸ்டில் அடுத்தவரும் விலகினார். விசாரணைகளுக்கு எதிராகப் பெரிய கைகள் அழுத்தம் கொடுத்ததாக அப்போது பகிரங்கமாகவே பேசப்பட்டது. வேலியைக் காப்பவரே நிலைக்காவிட்டால் மாடு வயலுக்குள்தான்.

வைப்பிலும் அனுபவம் உண்டு. கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி, மத்திய வங்கியின் அனுமதியின்றிக் கூடிய வட்டிக்குப் பணம் வாங்கியது. 2008 டிசம்பரில் வீழ்ந்தபோது ஏறக்குறைய 9,000 பேரின் 2,600 கோடி ரூபா அளவான பணம் சிக்கியது. அவர்கள் உயர் நீதிமன்றம்வரை போய் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதுமா? அதே செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த த ஃபினான்ஸ் கம்பனி 1940 இல் தொடங்கியது. அனுமதிப்பத்திரமும் இருந்தது, அதன் பங்குகள் சந்தையிலும் விற்கப்பட்டன. கோல்டன் கீ விழுந்த அதிர்ச்சியில் அதுவும் தளர்ந்து, 2020 மே மாதம் அனுமதிப்பத்திரத்தை இழந்தது. ஆனால் அங்கே வைப்பாளருக்கு ஒரு பிடி இருந்தது: வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஆறு இலட்சம் வரை கொடுத்தது. 2021 ஏப்ரலில் அந்த எல்லை 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. பங்குகளுக்கு இந்தக் காப்புறுதி கிடையாது. கம்பனி மூடப்பட்டால் கடன்காரர் எல்லோரும் எடுத்தபின் மிஞ்சுவதே பங்குதாரருக்கு.

அனுமதிபெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. படலையடியில் சொல்லப்படும் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று, படித்த பிள்ளை ஒருவரைக்கொண்டு பார்க்கச் செய்யலாம். பங்கு வாங்குவதென்றால் அனுமதிபெற்ற தரகுக் கம்பனி மூலம் எமது பெயரிலேயே கணக்குத் திறக்க வேண்டும். முகவர் எழுதித் தரும் கைத்துண்டு அந்தக் கணக்கு ஆகாது.